இறுகிய பின்மூடியும் இரு கரை நேரமும்

1

என் கைக்கடிகாரம் நின்றுபோனதால் கிடைத்த கதை இது.

ஜூலை மாதம், வியாழக்கிழமை, நல்ல குளிர். சந்தையின் மூன்றாவது வரிசையில் இருக்கும் எவுலாலியோவின் கடிகாரக் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு கண்ணாடி மேசை, வளையும் கழுத்துள்ள ஒரு விளக்கு, வாடிக்கையாளர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகள். அவரை எல்லோரும் லாலோ என்பார்கள். பேட்டரி மாற்றுவது ஐந்து நிமிட வேலை. நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது என் பையில் ஓடுகிற கடிகாரம் ஒன்றும், எனக்குத் தேவையே இல்லாத கம்பளிக் காலுறைகள் மூன்று ஜோடியும், இந்தக் கதையின் முக்கால் பங்கும் இருந்தன.

மீதிக் கால் பங்கு இன்றுவரை என்னிடம் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். இந்த ஆற்றங்கரைக்கு வந்து இருபத்திரண்டு வருடங்களில் பதினான்கு நாவல்கள். எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயத்தில் யாராவது வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். ஒரு வாசகி எழுதியிருந்தார்: "உங்கள் நாவலில் கடைசி இருபது பக்கத்தில் அழைப்பு மணி அடித்தால், யாரென்று பார்க்காமலே நான் கைக்குட்டையை எடுத்துவிடுவேன்." பாராட்டு என்று நினைத்து அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது எடுத்துப் படித்தால் அது பாராட்டுதானா என்று லேசாகச் சந்தேகம் வருகிறது.

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம் இது:

"ஆற்றின் மேல் பனி இறங்கியிருந்த ஒரு காலையில், தெயோலிந்தா தன் கடந்த காலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு —"

அங்கேயே நிறுத்திவிட்டேன். கடந்த காலத்தை யாரும் கைப்பையில் வைப்பதில்லை. அவள் கைப்பையில் இருந்தவற்றை நான் கண்ணால் பார்த்தேன்: துணியில் சுற்றிய சூடான சீப்பாக்கள் ஆறோ ஏழோ (மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து, சோம்பு தூவி, அவளே சுட்டு விற்பவை), பஸ் சீட்டு, மூக்குக் கண்ணாடி, சமையலறைத் துண்டில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த ஒரு சிறிய எஃகுக் கடிகாரம்.

இரண்டாவது தொடக்கம்: "பரானா ஆற்றுக்குக் கரை இரண்டு. நேரமும் இரண்டு." இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் இதைப் பூகோளப் பாடம் என்று நினைத்து மூடிவைத்துவிடுவீர்கள். பிறகு தேவைப்படும், இங்கேயே ஓரமாக இருக்கட்டும்.

மூன்றாவது, நடந்தது நடந்தபடி:

ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். முழங்கைவரை மாவு படிந்த கம்பளிச் சட்டை. முடிச்சை அவிழ்த்து, கடிகாரத்தைக் கண்ணாடி மேசைமேல் குப்புற வைத்தாள்.

"நீதானே மூடின. நீயே திற."

3

அந்தச் சமயத்தில் லாலோவின் கையில் இருந்தது என் கடிகாரம். கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியோடு அவர் நிமிராமலே பதில் சொன்னார்.

"வரிசை இருக்கு."

"மூணு வருஷமா நானும் வரிசையிலதான் நிக்கிறேன்."

நான் உடனே முக்காலியை நகர்த்தி, "எனக்கு அவசரமில்லை, முதலில் அவங்களுடையதைப் பாருங்க" என்றேன். (எனக்கு அவசரம் இருந்தது. ஆனால் எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் பொய் சொல்லிவிடுவார்கள்.)

லாலோ அவளுடைய கடிகாரத்தை எடுத்து விளக்குக்கு அடியில் பிடித்தார். கழற்றக்கூடிய வட்ட மூடி. மூடியைத் திருப்பும் சாவியின் முனைகள் உட்கார விளிம்பில் ஆறு சிறு பள்ளங்கள். அவர் முகம் மெல்ல மாறியது.

"இதை யார்கிட்ட குடுத்த?"

"யார்கிட்டயும் குடுக்கல."

"பொய் சொல்லாத. இங்க கத்தி முனை வழுக்கியிருக்கு. இங்க எவனோ கத்திரிக்கோலை வெச்சு நெம்பியிருக்கான். இது..." விளக்கின் கழுத்தை இன்னும் கீழே இழுத்தார். "இது என்ன, சுத்தியலா?"

"உன்கிட்ட வரக்கூடாதுன்னு மூணு பேர்கிட்ட போனேன். போதுமா?"

"மூணு பேரா!"

"அதுல ஒருத்தன் ரொம்ப நல்லவன். காசே வாங்கல."

"திறக்கவே இல்லையே, எதுக்கு வாங்குவான்?"

பக்கத்துக் கடையில் காலுறை விற்கும் தோன்யா போர்ஃபிரியா (வயதில் மூத்த பெண்களை இங்கே மரியாதையாகத் 'தோன்யா' என்பார்கள்) சத்தமாகச் சிரித்தாள். எழுபதை நெருங்கும் வயது, குரலுக்கு இருபது. "பாரேன் இவனை! புருஷன் சட்டையை மோந்து பாக்கற பொண்டாட்டி மாதிரி அந்த மூடியை மோந்து பாக்கறான்!"

"நீங்க உங்க வியாபாரத்தைப் பாருங்க, தோன்யா."

"இந்தக் குளிர்ல இதைவிட நல்ல வியாபாரம் எனக்கு எங்க கிடைக்கும்?"

லாலோவும் வந்த பெண் தெயோலிந்தாவும் கணவன் மனைவி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருடங்களாகச் சேர்ந்து இல்லை. அவள் நகரத்தின் மேட்டுப் பகுதியில், அடுப்போடு உள்ள பழைய வீட்டில். அவர் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில்.

தெயோலிந்தா லாலோவைப் பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நாளை மறுநாள் நொயேலியாவுக்குக் கல்யாணம். அக்கரையில, பதிவு ஆபீஸ்ல, பத்து மணிக்கு."

"தெரியும். எனக்கும் போன் பண்ணா."

"அப்போ அவ சொன்னதும் தெரியும்."

"தெரியும்."

அவர்களுடைய ஒரே மகள் சொன்னது இதுதான்: ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வரணும். தனித்தனியா வர்றதா இருந்தா யாருமே வர வேண்டாம். நான் பஸ் நிறுத்தத்துல நின்னு பார்ப்பேன்.

"நீ என்ன சொன்ன அவகிட்ட?" என்று தெயோலிந்தா கேட்டாள்.

"அம்மாகிட்ட கேளுன்னு சொன்னேன்."

"நான் அப்பாகிட்ட கேளுன்னு சொன்னேன்."

"நல்லா வளர்த்திருக்கீங்க பொண்ணை, ரெண்டு பேரும் சேர்ந்து" என்றாள் போர்ஃபிரியா.

4

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இரண்டு விஷயங்கள் சொல்லாவிட்டால் மேலே போக முடியாது.

ஒன்று, நேரம். ஓரமாக வைத்த அந்த இரண்டாவது தொடக்கத்தை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கரை பராகுவாய். எதிர்க் கரை அர்ஜென்டினா. நடுவே ஒரு பாலம். இவர்கள் பிரிந்த காலத்தில், கோடையில் இரு கரைக்கும் ஒரே நேரம். குளிர்காலம் வந்தால் நாங்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக்கொள்வோம், அக்கரை எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். அதனால் வருடத்தில் பாதி நாள், பாலத்தைத் தாண்டப் போகிறவர்கள் "யாரோட மணி?" என்று கேட்டுக்கொள்வது இங்கே வழக்கமாக இருந்தது. கேட்க மறந்தவர்கள் பட்டியலில் நானும் உண்டு. அக்கரைப் பல் மருத்துவர் ஒருவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதம், நொயேலியா செவிலியர் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கினாள். அக்கரையில், காலை பத்து மணிக்கு. தெயோலிந்தா முந்தைய நாளே போய் மகளோடு தங்கிவிட்டாள். லாலோ காலையில் புது சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, தன் கடிகாரப்படி பத்து மணிக்கு ஒரு நிமிடம் முன்னதாக அரங்கத்தில் நுழைந்தார். நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தவறை இந்த ஊரில் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருக்கிறோம். ஆனால் அவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். "மன்னிச்சிடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் சொன்னதோ, "பத்து மணின்னா யாரோட பத்து மணின்னு தெளிவா சொல்லணும்."

இரண்டாவது விஷயம், மாத்தே. லாலோவின் மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சுரைக்குடுவையும் வெந்நீர்க் குடுவையும் இருக்கும். சுரைக்குடுவை நிறைய மாத்தே இலைத்தூள், அதில் செருகிய உலோகக் குழல். அவர் வெந்நீர் ஊற்றி உங்களிடம் நீட்டுவார். நீங்கள் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுப்பீர்கள். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் அடுத்த சுற்றில் உங்களுக்கு இன்னொன்று வரும். "நன்றி" சொல்லிக் கொடுத்தால், போதும் என்று அர்த்தம். அதன்பின் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அன்று நான் இரண்டு குடித்து, நன்றி சொல்லி முடித்திருந்தேன்.

பட்டமளிப்பு நாளன்று சாயங்காலம், வீட்டில், லாலோ மனைவிக்கு மாத்தே ஊற்றிக் கொடுத்தாராம். சமாதானத்துக்காகத்தான். அவள் ஒன்று குடித்தாள். குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள். "நன்றி" என்றாள்.

அவர் எழுந்து போய், மேசைமேல் கிடந்த அவள் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டு, மூடியை முறுக்கி, மாவு டப்பாவின் மேல் வைத்துவிட்டு, துணிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார். இருவரும் அத்துடன் பேசவில்லை, அந்த வியாழக்கிழமைவரை.

(இதையெல்லாம் எனக்குச் சொன்னது போர்ஃபிரியா. எவ்வளவு உண்மை என்பதற்கு நான் பொறுப்பில்லை. "நன்றி" மட்டும் உண்மை என்று நம்புகிறேன். அதைப் பொய்யாகச் சொல்ல யாருக்கும் தோன்றாது.)

5

எனக்குத் தெயோலிந்தாமேல் ஒரு சந்தேகம். எழுதும்போது வந்தது, கடையில் இருக்கும்போது வரவில்லை.

அவளிடம் கைபேசி இருக்கிறது. அதில் மணி தெரியும். கல்யாணத்துக்கு ஓடுகிற வாட்ச் வேண்டும் என்றால் இதே சந்தையில் எத்தனையோ மலிவு வாட்சுகள் தொங்குகின்றன. மூடியை உடைத்து எடுக்கச் சொல்லி அந்த மூன்று பேரில் ஒருவனிடம் விட்டிருக்கலாம். அப்படியென்றால் அவள் வந்தது வாட்சுக்காகவா, ஆளுக்காகவா?

ஆளுக்காக என்று எழுதினால் கதை இனிக்கும். அப்படி ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன்: "அவள் விரல்கள் நடுங்கின. வாட்ச் ஒரு சாக்கு என்பது அவளுக்கே —" அடித்துவிட்டேன். அவள் விரல்கள் நடுங்கவில்லை. தினமும் பன்னிரண்டு கிலோ மாவு பிசையும் கை அது.

மாவுக் கையால் கைபேசியைத் தொட முடியாது. அடுப்பிலிருந்து சீப்பாவை எடுக்கும் நேரத்தை அவள் மணிக்கட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். மே மாதம் வாட்ச் நின்றதிலிருந்து வாரம் ஒரு தட்டு தீய்ந்துபோகிறது என்று அவளே சொன்னாள். ஆக, வாட்சும் வேண்டும். சரி, இரண்டுமே உண்மை என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று பேரிடம் போய்வந்த பிறகுதான் இங்கே வந்தாள் என்பதையும் மறக்க வேண்டாம். அவ்வளவு சுலபமாக அவள் இறங்கி வரவில்லை.

6

மூடி திறக்கவில்லை.

சாவியின் இரு முனைகளைப் பள்ளங்களில் பொருத்தி லாலோ திருப்பினார். வழுக்கியது. ரப்பர் பந்தை மூடிமேல் அழுத்தித் திருப்பினார். பந்துதான் சுழன்றது. ஊசி முனையால் விளிம்பைச் சுற்றி எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். விளிம்பிலிருந்து வெள்ளையாக எதையோ சுரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு போட்ட மாவு. காஞ்சு சிமெண்ட் ஆயிடுச்சு. பிசையும்போது கழட்டி வைன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்?"

"கழட்டி வெச்சா மணி எப்படிப் பாக்கறது? நெத்தியிலயா கட்டிக்கட்டும்?"

"உள்ள ரப்பர் வளையமும் உருகி ஒட்டியிருக்கும். சூடு காட்டணும்."

அவர் மாத்தே வெந்நீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, மடித்து, மூடிமேல் வைத்தார். ஆறினதும் மறுபடி நனைத்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிக்குச் செய்வதுபோல ஐந்தாறு முறை. அந்தத் துணியையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். போர்ஃபிரியாகூட.

பிறகு கடிகாரத்தைக் கவ்வியில் பொருத்தினார். கவ்வியின் பற்களில் ஒன்று உடைந்திருந்ததால் கடிகாரம் நழுவியது. மறுபடி பொருத்தினார். மறுபடி நழுவியது.

"நகரு" என்றாள் தெயோலிந்தா. மேசையைச் சுற்றி வந்து, கவ்வியிலிருந்து கடிகாரத்தை எடுத்து, தன் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தாள். "இப்போ திருப்பு."

"கை வழுக்கினா சாவி உன் கையில குத்தும்."

"வழுக்காம திருப்பு."

வாசகரே, உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது. பதினான்கு நாவல் எழுதியவள், இரண்டு பேர் கையையும் ஒரு கடிகாரத்தில் சேர்த்துவைக்காமல் விடுவாளா என்றுதானே? நானும் கூச்சப்பட்டேன். ஒரு வடிவத்தில் கவ்வியின் பல்லைச் சரிசெய்து, அவரைத் தனியாகத் திறக்கவைத்துப் பார்த்தேன். படிக்க நாகரிகமாக இருந்தது. ஆனால் அந்தப் பல் உடைந்துதான் இருந்தது. நான் என்ன செய்ய?

அவர் தோள்பட்டையின் பலத்தையெல்லாம் சாவியில் இறக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாவு பிசைந்த கையும் சிறு திருகாணிகள் தூக்கிய கையும். பலத்தில் அவளுடையதுதான் மேல். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, சுள்ளி முறிவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

"உடைஞ்சிடுச்சா?" என்று நான்தான் பதறினேன்.

"வந்துடுச்சு" என்றார் லாலோ.

7

மூடியின் உட்புறத்தில் என்ன இருந்தது?

என் பழக்கத்துக்கு நான் அங்கே ஒரு கடிதம் வைத்திருப்பேன். நகத்தளவு காகிதத்தில் நாலு சொல். அல்லது மகளின் பால் பல். பால் பல்லை வைத்து அரைப் பக்கம் எழுதினேன், பிறகு பெண்கள் கட்டும் சிறு கடிகாரத்துக்குள் பல் புகுந்தால் எந்திரம் எப்படி ஓடும் என்று யோசித்து விட்டுவிட்டேன்.

இருந்தது கறுப்புப் பிசின்போல உருகிய ரப்பர் வளையம். மூடியின் உட்புற உலோகத்தில் ஊசியால் கீறிய சிறு தேதிகள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதியைக் கீறிவைப்பார்கள், அடுத்துத் திறக்கிறவனுக்காக. இதில் அடுத்துத் திறக்கிறவரும் அவரேதான். கல்யாணமாகி இருபதாம் வருடம் அவர் வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. நான்கு தேதிகள் இருந்தன.

தெயோலிந்தா அதற்குமுன் உட்புறத்தைப் பார்த்ததே இல்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியை விளக்கில் சாய்த்துப் பிடித்தாள். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசித் தேதியில் நின்றாள். பட்டமளிப்பு நாள்.

"இதுக்கு முந்தினது போட்டு அப்போ பதினோரு மாசம்தான் ஆகியிருக்கு."

"ம்."

"பேட்டரி ரெண்டு வருஷத்துக்கு மேல வருமே. எதுக்கு மாத்தின?"

லாலோ புது பேட்டரியை இடுக்கியால் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நான் வீட்டுல இல்லாதப்போ நின்னுடக் கூடாதுன்னு."

"அவ்வளவு அக்கறை இருந்தவன் எதுக்கு இப்படி முறுக்கின? மூணு ஆம்பளைங்களால திறக்க முடியல."

"பாதி, மாவு உள்ள போயிடக் கூடாதுன்னு."

"மீதிப் பாதி?"

"கோவம்."

அவள் மூடியை மேசைமேல் வைத்தாள். அவர் பேட்டரியை அதன் குழியில் உட்காரவைத்தார். நொடிமுள் ஒருமுறை துள்ளி, பிறகு நிதானமாக நடக்கத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே, கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, அவர் பேசினார். பூதக்கண்ணாடி போட்டிருக்கிற மனிதனின் கண்ணை எதிரே இருப்பவர்கள் பார்க்க முடியாது. அதற்காகத்தான் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"அவ பேரைக் கூப்பிட்டப்போ நான் பாலத்துல பஸ்ல நின்னுட்டு இருந்தேன். பத்துக்கு இன்னும் அரை மணி இருக்குன்னு நெனச்சு. சந்தோஷமா நின்னுட்டு இருந்தேன், தெயோ. பக்கத்துல இருந்த ஆள்கிட்டயெல்லாம் சொன்னேன், எம்பொண்ணு இன்னைக்கு மேடை ஏறப் போறான்னு." இடுக்கியைக் கீழே வைத்தார். "நான் சொல்லிட்டு இருந்தப்பவே அவ ஏறி இறங்கியாச்சு. தப்பு என்னோடதுதான். கேட்டிருக்கணும். ஊரு முழுக்க எங்கிட்டதான் மணி கேக்குது, நான் யார்கிட்டயும் கேக்கல."

போர்ஃபிரியா தன் கடையில் மடித்து வைத்திருந்த காலுறைகளை எடுத்து மறுபடி மடித்தாள்.

தெயோலிந்தா பையிலிருந்து ஒரு சீப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டாகப் பிட்டாள். பாதியை என்னிடம் கொடுத்தாள்! மறு பாதியை, சற்று நேரம் கழித்து, அவர் பக்கம் தள்ளினாள்.

8

நேரம் வைக்க வேண்டும். லாலோ பக்கவாட்டுத் திருகியை இழுத்துக்கொண்டு, பழக்கத்தில் கேட்டுவிட்டார்:

"நம்ம நேரமா, அக்கரை நேரமா?"

மகள் அக்கரையில் படிக்கப் போனதிலிருந்து தெயோலிந்தாவின் வாட்சில் ஓடியது அக்கரை நேரம். இவர் கையில் ஓடியது இக்கரை நேரம். ஆனால் போன அக்டோபரில் சட்டம் வந்துவிட்டது. இனி குளிர்காலத்திலும் நாங்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதில்லை. இரு கரைக்கும் வருடம் முழுக்க ஒரே மணி. இவர்களைப் பிரித்த அந்த ஒரு மணி நேரம் இப்போது எங்குமே இல்லை.

நால்வரும் ஒரே சமயத்தில் அதை நினைத்துக்கொண்டோம். வாய்விட்டுச் சொன்னது போர்ஃபிரியா.

"ரெண்டு நேரத்தையும் கவர்மெண்டே ஒண்ணாக்கிடுச்சு. உங்க ரெண்டு பேரை ஒண்ணாக்க இன்னும் எந்தச் சட்டம் வரணும்?"

தெயோலிந்தா சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்த முகத்தில் வந்த சிரிப்பு. மூக்கு வழியாகத்தான் வெளியே வந்தது.

லாலோ புது ரப்பர் வளையம் பொருத்தி, மூடியை வைத்து, விரல்களால் திருகினார். சாவியை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் அவள். "சாவி போட்டு முறுக்கலையா?"

"கையாலதான் மூடியிருக்கேன். இனிமே யாரும் திறக்கலாம்."

"மாவு உள்ள போகுமே."

"போகும். மாசத்துக்கு ஒருவாட்டி திறந்து துடைக்கணும்."

"மாசா மாசம் நான் மேட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி இங்க வரணுமா?"

"வரலாம்." அவர் வாட்சைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. "இல்லேன்னா, வீட்டுல யாராவது இருந்தா துடைக்கலாம்."

அதன்பின் அவர் வெந்நீர்க் குடுவையைத் திறந்தார். மாத்தேயில் நீர் ஊற்றினார். துணியை நனைத்தது போக மிச்சமிருந்த நீர் ஒரு குடுவைக்குத்தான் வந்தது. அதை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். வாட்சைக் கட்டாத வெறும் மணிக்கட்டோடு, இரு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக உறிஞ்சினாள். குடித்து முடியும்போது குழலில் வரும் அந்தக் கடைசிச் சத்தமும் கேட்டது. குடுவையை நீட்டினாள். வாயைத் திறந்தாள் —

"என் ராணி," என்று போர்ஃபிரியா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், "கம்பளிக் காலுறை காட்டணும் உனக்கு. வா."

"எனக்குக் காலுறை வேண்டாமே."

"வேணும். உனக்கு இப்போ ரொம்ப வேணும். வா."

அவளுக்கு அந்த வயதிலும் பிடி உறுதி. நான் காலுறைகளைப் பார்த்தேன். சாம்பல் நிறம், பச்சை, இன்னொரு பச்சை. என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள். லாலோ என் கடிகாரத்தைத் திறந்துகொண்டிருந்தார். அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சுரைக்குடுவை மேசை ஓரத்தில் காலியாக இருந்தது. அவர் முகத்தைப் படிக்க முயன்றேன். கண்ணாடி இன்னும் கண்ணில்தான் இருந்தது.

9

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் குடுவையைத் திருப்பிக் கொடுக்கிறாள். அடுத்த சுற்றுக்கு அவர் போர்ஃபிரியாவிடம் வெந்நீர் கடன் வாங்க ஓடுகிறார். சனிக்கிழமை, அக்கரைப் பஸ் நிறுத்தத்தில், வெள்ளை உடையில் மகள். ஒரே பஸ்ஸின் ஒரே கதவில் இருவரும் இறங்குகிறார்கள். இது எனக்கு நன்றாக எழுத வரும். ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். எழுதும்போது அழுதேன். அதனால்தான் நம்பவில்லை.

அவள் "நன்றி" என்கிறாள். ஆனாலும் சனிக்கிழமை ஒரே பஸ்ஸில் போகிறார்கள், மகளுக்காக, வேறு வேறு இருக்கையில். மாலையில் பாலத்தின் இந்தப் பக்கம் இறங்கி, அவள் மேட்டுப் பஸ், அவர் சந்தைப் பக்கம். மாதத்துக்கு ஒருமுறை வாட்சைத் துடைக்க வருகிறாள். இதில் நான் அழவில்லை. ஆனால் இரண்டு நாள் வேறு எதுவும் எழுத முடியவில்லை.

மூன்றாவதில் நான் திரும்பிப் பார்க்கிறேன். போர்ஃபிரியாவின் கையை உதறிவிட்டு, அவள் வாயிலிருந்து என்ன வந்தது என்பதைக் காதால் கேட்கிறேன். இந்த முடிவில் நான் ஒரு கெட்ட பெண்ணாகிவிடுகிறேன், எனவே இது வேண்டாம்.

சனிக்கிழமை காலை சந்தைக்குப் போனேன், ஒப்புக்கொள்கிறேன். லாலோவின் மேசைமேல் நீலத் தார்ப்பாய் மூடிக் கட்டியிருந்தது. அவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்பதைத் தவிர அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை போர்ஃபிரியாவிடம் நேராகவே கேட்டேன்.

"என்ன ஆச்சு, தோன்யா? அன்னைக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"எனக்குத் தெரியும்."

"சொல்லுங்களேன்."

"சொன்னா நீ எழுதிடுவ."

"எழுத மாட்டேன்."

"எழுதாட்டி எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?" அவள் ஒரு ஜோடியை எடுத்து என் முன்னால் விரித்தாள். "நீல நிறம் வந்திருக்கு, பாரு."

அதையும் வாங்கினேன். நான்கு ஜோடி ஆயிற்று. இதை எழுதும்போது காலில் போட்டிருப்பது அந்த நீலம்தான்.

10

ஆக, குடுவை இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. மேசைக்குக் குறுக்கே நீட்டியிருக்கிறாள். அவர் வாங்கக் கை நீட்டியிருக்கிறார். வாட்ச் மேசைமேல், கையால் மட்டும் மூடிய மூடியோடு, இரு கரைக்கும் பொதுவான நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் வாய் திறந்திருக்கிறது.

இதற்குமேல் அவர்களைக் காக்கவைக்க எனக்கு மனமில்லை. வேறு வழியும் இல்லை. நீங்கள் இவ்வளவு தூரம் என்னோடு உட்கார்ந்திருந்தீர்கள். அவளை மூன்று வருடக் கோபத்தோடும் மூன்று மாதத் தீய்ந்த தட்டுகளோடும் பார்த்துவிட்டீர்கள். அவர் பாலத்தில் நின்ற கதையையும் கேட்டுவிட்டீர்கள். அந்தக் குடுவையை அவள் கையிலிருந்து நீங்கள் வாங்கி, அவரிடம் கொடுங்கள். ஒரு வார்த்தையோடு கொடுப்பதா, ஒன்றும் சொல்லாமல் கொடுப்பதா என்பது உங்கள் இஷ்டம்.

என் நாவல்களின் கடைசிப் பக்கத்தில் நான் எப்போதும் வாசகர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். பதினான்கிலும் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை சொல்லப் போவதில்லை.